அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவனை வரையலாமா?

கடலூரில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய ‘குரங்கின் கை’ என்ற பேய்க்கதையைப் புதுச்சேரியில் நடப்பதாக மாற்றி, போனில் விரலால் தள்ளிப் படிக்கிற அசையும் காமிக்ஸாகச் செய்ய ஆசை. காப்புரிமைச் சிக்கல் வருமா, எத்தனை பேனல் (படக் கட்டம்) ஆகும், எந்த சாஃப்ட்வேர் எடுப்பது என்று. கடைசி வரியில், போகிற போக்கில், கதவைத் தட்டுகிறவனை க்ளைமாக்ஸில் ஒரு செகண்ட் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார். முதல் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்களை உண்மையில் குடைந்துகொண்டிருப்பது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். காட்டாமலே பயமுறுத்துகிற கதை இது. காட்டுவதற்கென்றே இருக்கும் ஒரு வடிவத்துக்குள் அதை எப்படிக் கொண்டுவருவது? மற்ற எல்லா முடிவுகளும் இதற்குப் பின்னால்தான் வரும்.

நான் புதுச்சேரியில் 16 வருடமாக அனிமேஷன் வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைக்கிற வேலை. அசையும் காமிக்ஸ் என்று பார்த்தால் ஏழு செய்திருக்கிறேன், அதில் மூன்று பேய்க்கதை. படம், அசைவு, படிக்கிறவரின் கண் எங்கே போகும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்தவை, அவற்றைத் தைரியமாகச் சொல்வேன். சட்டமும் குரல் நடிப்பும் என் துறை இல்லை. அங்கே எனக்குத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கதை படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தில் ஒதுக்குப்புறமான ஒரு வீடு. ஒயிட் என்ற பெரியவர், அவர் மனைவி, மிஞ்சிய ஒரே மகன் ஹெர்பர்ட். இந்தியாவில் 21 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய மோரிஸ் என்பவர், காய்ந்து சுருங்கிய ஒரு குரங்குக் கையைக் காட்டுகிறார். ஒரு பக்கிரி மந்திரித்துக் கொடுத்தது. மூன்று பேருக்கு ஆளுக்கு மூன்று வரம் கொடுக்கும். பெரியவர் 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான். கம்பெனி ஆள் வந்து கொடுக்கும் தொகை 200 பவுண்டு. புதைத்து ஒரு வாரம் கழித்து, ஒரு ராத்திரி, மகன் உயிரோடு வர வேண்டும் என்று தாய் கேட்க வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளை நீக்கப் போராடும்போது பெரியவர் அந்தக் குரங்குக் கையைத் தேடி எடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கிறது. வெளியே மினுக்கும் ஒரு தெருவிளக்கும் ஆளில்லாத சாலையும்.

இதைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஜேக்கப்ஸ் எதையெல்லாம் எழுதாமல் விட்டார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் ஆள் கேட்ட முதல் இரண்டு வரம் என்ன என்று கதையில் இல்லை. மூன்றாவதாகச் சாவைக் கேட்டான் என்று மட்டும் வருகிறது. பெரியவரின் கடைசி வரம் என்ன வார்த்தை என்று இல்லை. வெளியே நின்றது யார் என்று இல்லை. இதற்கெல்லாம் மேலாக, முதல் வரம் கேட்கும்போது அந்தக் கை தன் கைக்குள் பாம்பு மாதிரி நெளிந்தது என்று பெரியவர் அலறுகிறார் அல்லவா, அதை வேறு யாரும் பார்க்கவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும் என்கிறாள் மனைவி. மகன் கிண்டல் செய்கிறான். 200 பவுண்டு தற்செயலாகக்கூட வந்திருக்கலாம். கடைசி வரி வரைக்கும் இந்தச் சந்தேகம் உயிரோடு இருக்கிறது.

இப்போது உங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். குரங்குக் கை நெளிவதை அழகாக அனிமேஷன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரையும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியே நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறி ‘ஆமாம், நெளிந்தது, நானே பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டீர்கள். காமிக்ஸில் ஒரு படம் அசையாமல் இருக்கிறவரை அது யாரோ ஒருவர் பார்வையில் பட்டது என்று இருக்கும். அசைந்துவிட்டால் அது நடந்தது ஆகிவிடும். ஆகவே இந்தக் கதையில் எதை அசைப்பது என்பதற்கு நான் ஒரே ஒரு அளவுகோல் வைப்பேன்: வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது மட்டும் அசையலாம். விளக்குச் சுடர் அசையலாம். தாழ்ப்பாள் அசையலாம். நாற்காலியை இழுக்கும் கை அசையலாம். குரங்கின் கை அசையவே கூடாது. அந்த இடத்தில் பெரியவரின் விரல்கள் உதறிக்கொள்வதை மட்டும் நான்கைந்து டிராயிங்கில் காட்டுங்கள். கீழே விழுந்து கிடக்கும் கை, விழுந்தபடியே கிடக்கட்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடம் முன்பு ஒரு கம்பெனிக்காக ஒரு பேய்க்கதை செய்தோம். எல்லாம் அசைய வேண்டும், காசு கொடுத்தது அதற்குத்தானே என்றார்கள். மரம் ஆடியது, திரைச்சீலை ஆடியது, கதையில் வரும் பெண்ணின் தலைமுடி ஆடியது, நிலாவுக்கு முன்னால் மேகம் வேறு. முடித்து ஒரு கல்லூரி அரங்கில் போட்டபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எல்லாமே ஆடிக்கொண்டிருந்ததால் பேய் வந்ததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. மறு வருடம் அதே கதையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அசைவுகளை எல்லாம் நிறுத்தி, ஒரு கதவு இடுக்கின் வெளிச்சம் மட்டும் மெல்லக் குறைகிற மாதிரி எனக்காகச் செய்து வைத்தேன். என் அக்கா மகளிடம் கடலூர் போகிற பஸ்ஸில் போனைக் கொடுத்தேன். கன்னியக்கோவில் தாண்டியிருப்போம். வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்த அவள் கட்டை விரல், அந்த பேனலில் அப்படியே கண்ணாடிக்கு மேலே அரை அங்குலம் தூக்கி நின்றது. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் ஆசை, தள்ளவும் பயம். அப்புறம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். அன்றிலிருந்து யாரிடம் காட்டினாலும் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், விரலைத்தான் பார்க்கிறேன்.

விரல் என்று சொன்னதால் நேரத்தைப் பற்றியும் பேசிவிடலாம். வீடியோவாகச் செய்தால் நேரம் உங்கள் கையில். தள்ளிப் படிக்கிற காமிக்ஸில் நேரம் படிக்கிறவர் கையில். பேய்க்கதைக்கு இது பெரிய வித்தியாசம். வீடியோவில் பேய் நம்மிடம் வரும்; காமிக்ஸில் நாமே விரலால் பேயிடம் போகிறோம். இந்த இரண்டையும் கலந்தவர்களும் உண்டு. கொரியாவில் ஹொராங் என்ற ஓவியர் 2011-இல் போட்ட ‘போங்சியோன்-டோங் பேய்’ என்ற வெப்டூனில் (தள்ளிப் படிக்கிற இணையக் காமிக்ஸ்), நாம் நிதானமாகத் தள்ளிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் பக்கம் நம்மைக் கேட்காமல் தானே ஓடும். பேய் நம்மை நோக்கித் திரும்பி வரும். உலகம் முழுக்க அலறினார்கள். அது அந்தக் கதைக்குப் பொருந்திய உத்தி, ஏனென்றால் அங்கே பேய் இருப்பது உறுதி. உங்கள் கதைக்கு அதை எடுக்காதீர்கள். இங்கே கடைசி வரைக்கும் கதவை நோக்கிப் போகிற வேலையைப் படிக்கிறவரே செய்ய வேண்டும். அந்தத் தாய் செய்வதும் அதைத்தானே.

ஜேக்கப்ஸ் உங்களுக்காகவே எழுதி வைத்த மாதிரி ஓர் இடம் இருக்கிறது. மகன் செத்த செய்தியோடு வரும் கம்பெனி ஆள் வாசல் கேட்டருகே மூன்று முறை தயங்கி நின்று, நடந்து, திரும்புகிறார். நான்காவது முறைதான் திறந்து உள்ளே வருகிறார். தாய் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு அனிமேஷனே வேண்டாம். ஒரே ஜன்னல், ஒரே சட்டகம், மூன்று முறை வரையுங்கள். ஆள் நிற்கிற இடம் மட்டும் மாறட்டும். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் இந்த வடிவத்தில் நேரம். முதல் இடைவெளி சின்னதாக, அடுத்தது பெரிதாக, மூன்றாவது ஒரு முழு ஸ்கிரீன் நீளத்துக்கு. நான்காவது பேனலில் கேட் திறந்திருக்கும். அங்கே படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும்.

இனி புதுச்சேரி. கதையை இங்கே கொண்டுவருவது நல்ல யோசனைதான், ஆனால் பெயரையும் வீட்டையும் மாற்றினால் மட்டும் வேலை முடியாது. முதல் சிக்கல், அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்பது. ஆங்கில வாசகனுக்கு இந்தியா தூர தேசம், பக்கிரி புரியாத ஆள்; அதனால்தான் அந்தப் பொருளுக்கு ஒரு திகில் வந்தது. நம் ஊரில் பக்கிரியோ சாமியாரோ தெருமுனையில் இருப்பார், நமக்கு அது தூரம் இல்லை. அப்படியானால் நமக்கு எது தூரம்? புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு வீட்டுக்குள்ளேயே பதில் இருக்கிறது: சைகோன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போய், பென்ஷனோடு திரும்பி வந்த சொல்தாக்கள் இங்கே எத்தனை குடும்பத்தில் இருந்திருக்கிறார்கள். மோரிஸை ஒரு சொல்தா மாமாவாக ஆக்குங்கள். பேச்சுக்கு நடுவே ஒரு முசே, ஒரு மெர்சி விழட்டும். அவர் பெட்டியிலிருந்து எடுக்கும் பொருளைப் பற்றி எல்லாம் சொல்ல வேண்டாம், அங்கே ஒரு கிழவன் கொடுத்தான் என்பது போதும். ஓர் எச்சரிக்கை: வியட்நாம்காரனை மந்திரவாதியாக வரைந்துவிட்டால், ஜேக்கப்ஸ் நமக்குச் செய்ததையே நாம் இன்னொருவருக்குச் செய்தவர்கள் ஆவோம். அந்தக் கிழவனை வரையவே வேண்டாம்.

இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. மகனை எரித்துவிட்டால் திரும்பி வர உடம்பு ஏது? புதைக்கும் வழக்கம் நம் பக்கம் பல சமூகங்களில் உண்டுதான், ஆனாலும் படிக்கிறவர் ஒருவருக்கு அந்தக் கேள்வி எழுந்தால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும். குடும்பத்தைக் கத்தோலிக்கக் குடும்பமாக வைத்தால் கேள்வி எழாது. வீடு முதலியார்பேட்டையில், கல்லறை உப்பளத்தில். கதையில் கல்லறை இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது. வரம் கேட்டதற்கும் கதவு தட்டப்படுவதற்கும் நடுவில் உள்ள நேரம், ஒருவன் அங்கிருந்து நடந்து வர ஆகும் நேரம் என்று தாய் கணக்குப் போடுகிறாள். அந்தத் தூரம் படிக்கிறவர் மனத்தில் வரைபடமாக விழ வேண்டும். அதனால் சவ ஊர்வலம் போகும்போதே வழியைக் காட்டிவிடுங்கள்: எந்தத் திருப்பம், எந்த வாய்க்கால், எந்தச் சுவர். ராத்திரியில் அவற்றை மறுபடி வரைய வேண்டியதில்லை, படிக்கிறவரே ஒவ்வொன்றாகத் தாண்டி வருவார். நாளும் பொருத்தமாகக் கிடைக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். குடும்பமாகப் போய்க் கல்லறைக்குப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிற நாள். வடகிழக்கு மழை பிடித்திருக்கும் மாதம் வேறு. சாயங்காலம் அங்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த தாய், ராத்திரி வீட்டில் மெழுகுவத்தி அணையும்போது என்ன நினைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. முதலியார்பேட்டை என்றதும் மில் வந்துவிடும், மகனை மில் தொழிலாளி ஆக்குவதும் இயல்பு. ஆனால் எந்த மில் என்று பெயர் போடாதீர்கள். இல்லாத விபத்தை இருந்த ஒரு ஆலையின் மேல் ஏற்றுவது தப்பு. காலத்தை 1936-இல் வைக்கவும் வேண்டாம். அந்த வருடம் ஜூலை 30-இல் பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தி 12 மில் தொழிலாளர்கள் செத்தார்கள். மறு வருடம் 8 மணி நேர வேலை கிடைத்தது. அந்த நிகழ்ச்சி உங்கள் கதையை விழுங்கிவிடும், விழுங்குவதும் நியாயம்தான். 1950-களின் தொடக்கம் சரியாக இருக்கும். இந்தோசீனாவிலிருந்து திரும்பிய சொல்தாவும் பொருந்துவார். தொகையை அப்படியே பவுண்டிலிருந்து ரூபாயாக மாற்றாதீர்கள். கதையில் பெரியவர் அந்தப் பணத்தைக் கேட்பதே வீட்டுக் கடனை முடிக்கத்தான். முதல் பேனல்களிலேயே அடமானக் கணக்கைப் பேச்சில் கொண்டுவந்து, அதே எண் திரும்பி வரட்டும். மில் சங்கை மட்டும் விடாமல் பயன்படுத்துங்கள்: முதல் நாள் காலை சங்கு ஊதி அவன் வேலைக்குப் போகிறான், அடுத்த சங்கு ஊதும்போது அவன் வரவில்லை.

வீட்டையும் யோசித்து வரையுங்கள். புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் நீள நீள ஜன்னலுமான வெள்ளைக்காரத் தெரு வீடுதான் எல்லோருக்கும் நினைவு வரும். இந்தக் கதைக்கு அது உதவாது. திண்ணை, ரேழி, முற்றம் என்று உள்ளே போகிற சின்னத் தமிழ் வீடுதான் வேண்டும். தெருக்கதவு ஒரு கோடியில், அறை மறு கோடியில், நடுவில் திறந்த முற்றம், மழை. ரேழியின் இருட்டுக்கு அப்பால் அந்தக் கதவு தெரிகிற மாதிரி ஒரே கோணத்தை முதல் பேனலிலிருந்தே பழக்கிவிடுங்கள். கதை முழுக்க ஆறேழு முறை அதே கோணம் வர வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதிலிருந்தே பதில் வருகிறது. வெளியே நிற்பவனைக் காட்டாதீர்கள். ஒரு செகண்டும் வேண்டாம், நிழலும் வேண்டாம், கதவுக்குக் கீழே கால் விரலும் வேண்டாம். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் எப்படி வருவார் என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, திரைக்குப் பின்னால் பாட்டு, சலங்கை, மேலே கிரீடத்தின் நுனி. ஆள் முகம் தெரிவதற்கு முன்பே சபை அவரை முழுசாகப் பார்த்துவிட்டிருக்கும். இங்கே கதவுதான் திரை. கூத்தில் திரை விலகியதும் ஆள் இருப்பார். இங்கே இருக்க மாட்டார். கதையில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அதை மாற்றிவிட்டால் வேறு கதை ஆகிவிடும். அவன் உடம்பு எப்படி இருக்கும் என்பதற்குக் கதையில் ஒரே ஒரு குறிப்பு உண்டு: இயந்திரத்தில் சிக்கியவனைத் துணியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று பெரியவர் மனைவியிடம் சொல்கிறார். அந்தச் சட்டையைக் கதையின் தொடக்கத்தில் நன்றாக வரைந்துவிடுங்கள், பொத்தான், கிழிசல், தையல் எல்லாம். மீதியைப் படிக்கிறவர் தானே வரைந்துகொள்வார்.

தட்டுகிற சத்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மூலக்கதையில் அது மிக நுட்பமாக இருக்கிறது. மெழுகுவத்தி எடுக்கக் கீழே வரும் பெரியவர் கையில் தீக்குச்சி அணைகிறது, அதே நொடியில் முதல் தட்டல், கேட்டதா இல்லையா என்கிற அளவுக்கு மெதுவாக. நின்று கவனிக்கிறார், இரண்டாவது தட்டல். ஓடி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். மூன்றாவது தட்டல்தான் வீடு முழுக்கக் கேட்கிறது, அப்போதுதான் மனைவி ‘அது என்ன’ என்று எழுந்து உட்காருகிறாள். முதல் இரண்டும் அவர் ஒருவருக்குத்தான் கேட்டது. எனவே அந்த இரண்டுக்கும் ஆடியோ வைக்காதீர்கள். பேனலின் மூலையில் சின்ன எழுத்தில் ‘டொக்’ என்று மட்டும் இருக்கட்டும், கிட்டத்தட்ட சுவரின் நிறத்திலேயே. மூன்றாவதுக்கு எழுத்தே வேண்டாம், சத்தம் மட்டும்.

அந்தச் சத்தத்தை இணையத்திலிருந்து எடுக்காமல் நீங்களே பதிவு செய்தால் நல்லது. ஒருமுறை எங்கள் பழைய வீட்டுத் தேக்குக் கதவில் ஒரு மத்தியானம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். விரல் முட்டியால் தட்டினால் தபால்காரர் வந்த மாதிரி இருந்தது. நகத்தால் தட்டினால் எலி. முஷ்டியால் அடித்தால் சண்டைக்கு வந்த ஆள். கடைசியில் ஈரத் துணியைச் சுற்றிய உள்ளங்கையால், கதவின் கீழ்ப்பாதியில், வேகமில்லாமல் அடித்தபோது ஒரு சத்தம் வந்தது. தட்டுகிறவனுக்குத் தன் கை சரியாக வசப்படவில்லை என்று காதுக்குப் புரிந்தது. மைக்கை வீட்டுக்கு உள்ளே, அறையில் வையுங்கள், கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். அவர்கள் எங்கிருந்து கேட்கிறார்களோ அங்கிருந்துதான் நாமும் கேட்க வேண்டும்.

போனில் ஒரு தொழில்நுட்பத் தடை இருக்கிறது. படிக்கிறவர் திரையைத் தொடாமல் பிரவுசர் தானாகச் சத்தத்தை ஓட விடாது. இதையே சாதகமாக்கலாம். முதல் திரையில் மூடிய தெருக்கதவை வரைந்து, தட்டினால் கதை திறக்கிற மாதிரி வையுங்கள். அனுமதியும் கிடைக்கும், முதன்முதலில் அந்தக் கதவைத் தட்டியவர் அவரே என்றும் ஆகும். பஸ்ஸில் சத்தமில்லாமல் படிக்கிறவர்களும் உண்டு, ஆகவே ஆடியோ இல்லாமலும் கதை புரிய வேண்டும். மூன்றாவது தட்டலில் ஆடியோ மூடியிருந்தால் கதவின் தூசி உதிர்கிற ஓர் அசைவு போதும்.

குரல் வைப்பதா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. 2008-இல் வந்த ‘வாட்ச்மென்’ அசையும் காமிக்ஸில் 12 பகுதிக்கும் பெண் பாத்திரங்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே ஆண் குரல்தான்; பலருக்கு அது உறுத்தியது. என் எண்ணம், இந்தக் கதைக்குக் குரல் வேண்டாம், மழையும் சங்கும் தாழ்ப்பாளும் போதும். நல்ல நடிகர்கள் கிடைத்து நீங்கள் வேறு முடிவு எடுத்தால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்கென்று சில உண்டு. ஆங்கிலத்தில் கத்துவதற்குப் பெரிய எழுத்து, முணுமுணுக்கச் சாய்வு எழுத்து என்று வழி இருக்கிறது. நமக்கு அது இல்லை, தடிமனையும் அளவையும் வைத்துத்தான் செய்ய வேண்டும். நம் சொற்களும் நீளம், ஆகவே வசனம் எழுதும் பலூனை முதலில் போட்டுவிட்டுப் பிறகு படத்தை வரையுங்கள். பழைய ஃபோட்டோஷாப்பில் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிக்கான தேர்வை மாற்றினால் சரியாகிவிடும். வெளியிடும் முன் ‘கொ’, ‘ணை’, ‘ஸ்ரீ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனி லேயரில் வைத்திருங்கள், பிழை திருத்தம் வராமல் இருக்காது.

சாஃப்ட்வேர் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். வரையவும் சின்ன அசைவுகளுக்கும் கிருத்தா போதும், அடுக்கு அடுக்காக ஆழம் காட்ட பிளெண்டர், ஒலிக்கு ஆடாசிட்டி, மூன்றும் இலவசம். அசைவை ஜிஃப் ஆக வெளியிடாதீர்கள். அதில் 256 நிறம்தான் கிடைக்கும், இருட்டு மெல்ல வெளிச்சமாகும் இடமெல்லாம் பட்டை பட்டையாகப் பிரியும். பேய்க்கதையில் பாதி அந்த இடங்கள்தான். எம்பி4 அல்லது வெப்பி (WebP) நல்லது. செகண்டுக்கு 24 ஃபிரேம் என்றாலும் 12 டிராயிங் போதும், சுடருக்கு 8 கூடப் போதும். சுடரின் சுற்று 7 டிராயிங், சுவர் நிழலின் சுற்று 11 என்று வைத்தால் இரண்டும் ஒன்றாகத் திரும்ப 77 ஆகும். திரும்பத் திரும்ப வருகிறது என்று கண் கண்டுபிடிக்காது. மின்னல் போடுவதாக இருந்தால் செகண்டுக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிட வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் வந்த வேகமான பளிச்சிடலால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. பேனல் கணக்கு: மூலக்கதை நீளத்துக்கு 80-லிருந்து 90 வரை வரலாம், அதில் அசைவது பத்தைத் தாண்ட வேண்டாம்.

காப்புரிமையைப் பொறுத்தவரை, ஜேக்கப்ஸ் 1943-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். ஆக 2004 ஜனவரியிலிருந்து இங்கே அந்தக் கதை பொதுச் சொத்து. ஆங்கில மூலத்திலிருந்து நீங்களே எழுதினால் தடை இல்லை. யாராவது செய்த தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுத்தால் அந்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, இந்தக் கதையை வைத்து எடுத்த படங்களில் புதிதாகச் சேர்த்த காட்சிகளுக்கும் அப்படியே. எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். காசு வாங்கி வெளியிடப் போகிறீர்கள் என்றால் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

முழுக்கதையையும் இப்போதே ஆரம்பிக்காதீர்கள். தீக்குச்சி அணைவதிலிருந்து மூன்றாவது தட்டல் வரை, ஆறு பேனல் மட்டும் செய்யுங்கள். கதை தெரியாத ஐந்து பேரிடம் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல், விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஐந்து பேரும் ஒரே இடத்தில் நின்றால் மீதி 80-ஐ வரையலாம். எங்கள் பழைய வீடு உங்கள் கடலூர் திருப்பாப்புலியூரில்தான் இருக்கிறது, அந்தத் தேக்குக் கதவும் மேல் தாழ்ப்பாளும் அப்படியே உள்ளன. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகிப்போயிருக்கிறது, முக்காலி போட்டு ஏறித்தான் நீக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டரோடு வாருங்கள்.